ஸ்ரீரங்கம் காட்டிய அண்ணன்

“அப்பா, என்னை வந்து கூட்டிட்டுப் போயிடுங்க.”

மகன் கல்லூரி விடுதியில் சேர்ந்த பத்தாவது நாள் வந்த போன் அது. ஞாயிற்றுக்கிழமை காலை திருச்சி ஜங்ஷனில் இறங்கியபோது என் கையில் ஒரு காலிப் பை. அவன் துணிமணிகளை அதில் அடைத்து ஊருக்கே அழைத்துப்போய்விடும் முடிவில்தான் வந்திருந்தேன்.

விடுதி வாசலில் மகனோடு ஒரு தம்பி நின்றிருந்தார். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, அதே வராண்டாவில் கடைசி அறையாம். “சாப்பிட்டீங்களா அங்கிள்? முதல்ல ஸ்ரீரங்கம் போயிட்டு வருவோம். அப்புறம் பேசிக்கலாம்” என்றார்.

1-ம் நம்பர் பஸ் மெயின்கார்டு கேட் பக்கம் போனபோது, லூர்து மாதா கோயில் கோபுரம் தெரிந்தது. பக்கத்திலேயே செயின்ட் ஜோசப் கல்லூரி. 1950-ல் அப்துல் கலாம் சேர்ந்து, விடுதியில் தங்கிப் படித்த இடம். அவருடைய அறைத்தோழர்களில் ஒருவர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார், இன்னொருவர் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர். மூன்றாம் ஆண்டில் சைவ மெஸ்ஸுக்குக் கலாம்தான் செயலாளர்!

1987-ல் கட்டி முடித்த ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்து, ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, அம்மா மண்டபம் படித்துறைக்கு வந்தோம். காவிரியில் கால் நனைத்தபடி அந்தத் தம்பி சொன்னார்: “நானும் தமிழ் மீடியம்தான் அங்கிள். முதல் செமஸ்டர்ல ரெண்டு பேப்பர் போச்சு. ஒரு பி.ஜி. அண்ணாதான் தினமும் ராத்திரி பக்கத்துல உட்காரவெச்சு சொல்லிக் கொடுத்தார். இதே படிக்கட்டுக்கும் அவர்தான் கூட்டிட்டு வந்தார்.”

1996-ல் ராகிங் கொடுமைக்குப் பொன் நாவரசு என்ற மாணவரைப் பறிகொடுத்த தமிழகம், மறு ஆண்டே தடைச் சட்டம் கொண்டுவந்தது. யு.ஜி.சி.யின் 2009 விதிகள் தடையோடு நிற்கவில்லை. புதிய மாணவர்கள் ஆறு பேருக்கு ஒரு மூத்த மாணவர் வழிகாட்டியாக இருக்க வேண்டும் என்கின்றன. விதி காகிதத்தில் இருக்கிறது. அதற்கு உயிர் கொடுப்பது, “சாப்பிட்டியா?” என்று கதவைத் தட்டும் இப்படி ஓர் அண்ணன்தான்.

பிள்ளையை விடுதியில் சேர்க்கும் பெற்றோரே, வார்டன் நம்பரோடு அந்த அண்ணன் அல்லது அக்கா நம்பரையும் வாங்கி வையுங்கள்.

திரும்பும் வழியில் மகன் மெல்லச் சொன்னான்: “அப்பா, புதன்கிழமை டெஸ்ட் இருக்கு. அண்ணா சொல்லித் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. நான் இங்கேயே இருக்கேன்.”

மாலை ரயிலில் நான் மட்டும் ஏறினேன். பை காலியாகவே இருந்தது. மனசு நிறைந்திருந்தது.