உமியையும் துருவையும் ஆராய ஒருவர் வந்திருக்கிறார்



நமது தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பதார்த்த விஞ்ஞான ஆய்வாளர் ஒருவரை ஆசிரியர்கள் நாங்கள் சிலர் போய்ச் சந்தித்தோம். "டொக்டரா, இன்ஜினியரா?" என்றுதான் ஊரில் கேட்கிறார்கள். இரண்டுமில்லை. ஒரு பொருள் எதனால் ஆனது, ஏன் உடைகிறது, எப்படித் திருத்தலாம் என்று பார்ப்பவர்.

யோசித்தால் இது நம்ம ஊர்ப் பாடம். உப்புக் காற்றில் நம் கூரைத் தகரமும் ஜன்னல் கம்பியும் சீக்கிரம் துருப்பிடிக்கின்றன. மீனவர்களின் ஃபைபர் தோணி கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்தது. சம்மாந்துறை ஆலைகளில் குவியும் உமி, நெல்லின் நிறையில் ஏறக்குறைய 20 வீதம். அதன் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. பக்குவமாக எரித்தால் சீமெந்தோடு கலந்து கொங்கிறீட்டைப் பலப்படுத்தலாம். நம் கிழக்குக் கரையின் புல்மோட்டை மணலில் டைட்டேனியம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரவிராஜன் டைட்டேனியம் டயொக்சைட்டை வைத்துச் சூரியக் கலங்களை ஆராய்ந்து வருபவர்.

1995இல் கல்லூரியாகத் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்தை நம்மில் பலர் இன்னும் ஒலுவில் வீதியில் போகும்போது மட்டும்தான் பார்க்கிறோம். பொறியியல் கிடைக்காமல் பௌதிக விஞ்ஞானம் கிடைத்த பிள்ளை, வீட்டில் தலைகுனிந்து நிற்கிறது. அந்தப் பிள்ளைக்கு இந்த வேலையைக் காட்ட வேண்டாமா?

ஆலை முதலாளிமார், தோணிக்காரர், மேசன்மார் உங்கள் கேள்விகளோடு அவரைப் போய்ச் சந்தியுங்கள். உயர்தரப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வந்தவருக்கு ஊர் தெரிய வேண்டும். ஊருக்கும் அவருடைய வேலை தெரிய வேண்டும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. ஆமீன்.