பாட்டாக எழுதிய மனு

சிறையில் பிறந்த பாட்டு என்றாலே நம்மவர்களுக்குக் கண் கலங்கிவிடும். துன்பம்தான் பாட்டைப் பிழிந்தெடுக்கிறது என்று ஒரு நம்பிக்கை. சினிமா அதை நன்றாகவே வளர்த்துவிட்டிருக்கிறது. எனக்கு அதில் சந்தேகம். துன்பம் மட்டும் போதுமென்றால், 1918 நவம்பர் 20 அன்று புதுச்சேரி எல்லையைத் தாண்டிய கையோடு கைதாகி, டிசம்பர் 14 வரை கடலூர்ச் சிறையில் கிடந்த பாரதி அங்கே பாட்டாகக் கொட்டியிருக்க வேண்டும். எங்கள் நெய்வேலிக்காரர்கள் எதற்கெடுத்தாலும் ஓடவேண்டிய மாவட்டத் தலைநகரம்தான் அந்தக் கடலூர். அங்கிருந்து அவர் எழுதியதாக நாம் அறிந்திருப்பது, நவம்பர் 28இல் கவர்னர் பெண்ட்லண்டுக்கு அனுப்பிய ஆங்கில மனு. மகாகவி மனு எழுதுகிறார். கோல்கொண்டாச் சிறையிலோ ஒரு தாசில்தார் பாட்டு எழுதினார். இருவரும் செய்தது ஒரே காரியம் என்பது என் கட்சி. சிறைப்பாட்டு அழுகை அல்ல. யாரிடமோ எதையோ கேட்டு வாங்குவதற்கான ஏற்பாடு.

அந்தத் தாசில்தார், 17ஆம் நூற்றாண்டின் கஞ்சர்ல கோபண்ணா. பத்ராசல ராமதாசர் என்றால் கச்சேரிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். வசூலான வரிப்பணத்தில் ராமனுக்குக் கோயில் கட்டிவிட்டார் என்று கோல்கொண்டா சுல்தான் தானீஷா அவரைச் சிறையில் போட்டார். பன்னிரண்டு ஆண்டு என்கிறது மரபு. அங்கே அவர் பாடியதாகச் சொல்லப்படும் கீர்த்தனைகளில் ஒன்று அப்பட்டமான செலவுக் கணக்கு. பரதனுக்கு என்ன நகை, சத்ருக்னனுக்கு என்ன, சீதையின் பதக்கத்துக்கு எவ்வளவு என்று இனவாரியாகப் போகிறது. எல்லாமே பத்தாயிரம் பத்தாயிரமாக முழு எண்ணில் நிற்பதைப் பார்த்தால் எந்தத் தணிக்கை அதிகாரிக்கும் புருவம் உயரும். கணக்கு முடிந்ததும் அதட்டல்: இந்த நகையெல்லாம் உன் அப்பன் வீட்டுப் பணமா, மாமனார் வீட்டுச் சீரா என்று ராமனையே கேட்கிறார். பிறகு, அடி தாங்காமல் வாய் தவறிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதே என்று சமாதானம். விவரம், வாதம், கடைசியில் பணிவு: எந்தத் தாலுகா அலுவலகத்திலும் செல்லுபடியாகும் விண்ணப்பத்தின் அமைப்பு இது. கதையின் முடிவும் அதற்குத் தக்கபடியே இருக்கிறது. ராமனும் லட்சுமணனும் நேரில் வந்து பாக்கியைக் கட்டினார்கள்; கட்டிவிட்டு மறக்காமல் ரசீதும் வாங்கிக்கொண்டார்கள்.

இது ஏதோ பக்தியின் விசித்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் டெக்சஸ் சிறையில் கொலைக்குற்றத்துக்காக இருந்த லெட் பெல்லி என்ற கறுப்பினப் பாடகர், ஆளுநர் பாட் நெஃபின் முன்னால் விடுதலை கேட்டே ஒரு பாட்டுப் பாடினார். மன்னிப்பே வழங்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துப் பதவிக்கு வந்த நெஃப், 1925 ஜனவரியில் பதவி விலகும் தறுவாயில் அவரை விடுவித்தார். மறுபடி லூசியானாவில் உள்ளே போனபோது, 1934இல் அவருடைய விண்ணப்பப் பாட்டை நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஜான் லோமாக்ஸ் பதிவு செய்து அந்த மாநில ஆளுநரிடம் சேர்ப்பித்தார். அவ்வாண்டே விடுதலை. நன்னடத்தைக் கழிவில்தான் விட்டோம், பாட்டுக்காக அல்ல என்றது சிறை நிர்வாகம். இருக்கட்டும். மனு பலித்ததா என்பது வேறு. மனுவா இல்லையா என்பதுதான் இங்கே பேச்சு.

அப்படியானால் மிசிசிப்பியின் பார்ச்மன் பண்ணைச் சிறையில் கோடரி வீச்சுக்கு ஒத்துப் பாடினார்களே, அது யாருக்கு மனு? அது காவலனுக்கு வேலை வாங்கிக் கொடுத்த பாட்டுத்தானே? நியாயமான கேள்வி. ஆனால் எல்லாக் கோடரிகளும் ஒன்றாக விழும்போது, கை சோர்ந்தவன் யார் என்று காவலனுக்குத் தனியாகத் தெரியாது. டெக்சஸ் சிறைகளில் இப்பாட்டுகளைப் பதிவு செய்த புரூஸ் ஜாக்சனின் ஆய்வு காட்டுவது இதைத்தான். வேகத்தை நிர்ணயித்தவன் முன்பாட்டுக்காரன். அங்கே கேட்கப்படுவது விடுதலை அல்ல, முதுகுக்கு ஒரு பாதுகாப்பு. கேட்பதும் கொடுப்பதும் அதே வரிசையில் நிற்பவர்கள்தான். இயந்திரம் வந்ததும் இந்தப் பாட்டுகள் தேய்ந்துபோனதற்கும் காரணம் அதுவே. நம் நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணை வெட்டும் பக்கெட் வீல் இயந்திரத்துக்கு யாரும் பின்பாட்டுப் பாட வேண்டியதில்லையே.

இதற்கு மேல் ஒரே ஒரு ஆட்சேபம் மிஞ்சுகிறது, அதுவும் பக்கத்து ஊரிலிருந்து. பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையில் சைவத்துக்குத் திரும்பிய திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்துவைத்தான் என்கிறது பெரியபுராணம். உள்ளிருந்து அவர் பாடியதில் குளிர்ச்சியான பொருள்களின் வரிசை ஒன்று உண்டு. விண்ணப்பம் இல்லை, கணக்கு இல்லை, கதவைத் திற என்ற ஒரு சொல் இல்லை. ஈசன் நிழலே அவையெல்லாம் போல இருக்கிறது என்பதோடு சரி. கேட்காமலே கேட்டார் என்று சாமர்த்தியமாகச் சொல்லி அவரையும் என் கட்சியில் சேர்த்துவிடலாம்தான். ஆனால் அரசன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோதே, நான் யாருக்கும் குடி இல்லை என்று சொல்லி அனுப்பியவர் அவர். கட்டுரைக்காரன் கூப்பிட்டால் மட்டும் வந்துவிடுவாரா?