ஸ்டாட்டிக்கா, டைனமிக்கா?

முந்தின நாள் இரவு வரை சிமுலேட்டரில் அழகாக ஓடிய ஆப், ப்ராஜெக்ட் காட்டும் நாளில் ஐபோனில் போட்டதும் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும். ஐஓஎஸ் பழகும் மாணவர்கள் பலருக்கு நேர்வதுதான் இது. மணிக்கணக்கில் கோடைப் புரட்டுவார்கள். தப்பு கோடில் இருக்காது, லைப்ரரியைச் சேர்த்த விதத்தில் இருக்கும்.

லைப்ரரி என்பது வேறொருவர் எழுதி, கம்பைல் செய்து கொடுத்த கோடு. புத்தகம் பார்த்து எழுதும் பரீட்சைக்கு இரண்டு பேர் போவதாக வைத்துக்கொள்வோம். ஒருவன் தேவையான பக்கங்களைத் தன் நோட்டிலேயே எழுதிக்கொள்கிறான். இது ஸ்டாட்டிக். இன்னொருவன் 'இந்தப் புத்தகத்தில் பார்' என்று மட்டும் குறித்துக்கொள்கிறான். இது டைனமிக். இவன் புத்தகத்தைப் பையில் போட மறந்தால் கதை முடிந்தது. ஆப் திறந்ததும் மூடுவது இதனால்தான். எக்ஸ்கோடில் 'எம்பெட் அண்ட் சைன்' என்று கொடுப்பதுதான் புத்தகத்தைப் பையில் போடுவது. சிமுலேட்டரில் ஓடியது எப்படி? பில்ட் செய்த ஃபோல்டர் அதே மேக்கில் இருப்பதால், அங்கிருந்தே புத்தகம் கிடைத்துவிடும். போனில் அந்த ஃபோல்டர் இல்லை.

2014இல் ஐஓஎஸ் 8 வரும்வரை இந்தக் குழப்பமே இல்லை. ஆப் ஸ்டோருக்குப் போகும் ஆப்களில் வெளியார் லைப்ரரி என்றால் ஸ்டாட்டிக் மட்டும்தான். அதன் பிறகு டைனமிக் ஃப்ரேம்வொர்க்கும் அனுமதிக்கப்பட்டது. ஆனால் ஃப்ரேம்வொர்க் என்பது வெறும் ஃபோல்டர். உள்ளே இரண்டில் எதுவும் இருக்கலாம். பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். டெர்மினலில் 'ஃபைல்' கமாண்ட் கொடுத்து, ஃப்ரேம்வொர்க்குக்கு உள்ளே அதே பெயரில் இருக்கும் பைனரியைக் காட்ட வேண்டும். 'ஆர்க்கைவ்' என்று பதில் வந்தால் ஸ்டாட்டிக், பொதுவாக எம்பெட் வேண்டாம். 'டைனமிக்கலி லிங்க்டு ஷேர்டு லைப்ரரி' என்று வந்தால் எம்பெட் கட்டாயம்.

எது நல்லது? ஆப், அதன் விட்ஜெட் இரண்டுக்கும் ஒரே லைப்ரரி தேவை என்றால், ஸ்டாட்டிக்கில் இரண்டு பிரதி, டைனமிக்கில் ஒன்றே போதும். ஆனால் டைனமிக் அதிகமானால் ஆப் திறக்கத் தாமதமாகும். 400 மில்லிசெகண்டுக்குள் திறப்பது நல்லது என்று 2016 டெவலப்பர் மாநாட்டில் ஆப்பிள் சொன்னது.

எல்லாவற்றையும் விட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. ஸ்டாட்டிக் லைப்ரரி விட்டுப்போனால் லிங்கர் அப்போதே திட்டும், எழுதியவர் மேசையிலேயே தெரிந்துவிடும். டைனமிக் விட்டுப்போனால் பில்ட் வெற்றி என்றே வரும். தப்பு வெளிப்படுவது போனை வைத்திருப்பவர் கையில். பில்ட் ஆனதை நம்பிப் போனில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காதவர், அந்தத் தப்பைக் கண்டுபிடிக்கும் வேலையை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிடுகிறார்.