எண்ணிக்கொண்டிருந்தவள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் 28 வருடம் வேலை பார்த்தேன். நைட் ஷிப்ட் முடிந்து காலை மின்சார ரயிலில் உட்கார்ந்தால் கவரைப்பேட்டை வந்ததே தெரியாது. பொன்னேரியில் இறங்க வேண்டியவன் மீஞ்சூரில் விழிப்பேன். ஒருமுறை பேசின் பிரிட்ஜ் வரைக்கும் போய்விட்டேன். என் குறட்டைக்காக நண்பர்கள் எனக்கு 'பாய்லர்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

நைட் ஷிப்டுதான் காரணம் என்று நினைத்தேன். ஜெனரல் ஷிப்டுக்கு மாறிய பிறகும் தூக்கம் விடவில்லை. ஒரு நாள் மாலை ஜி.என்.டி. ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த லாரியின் ஹாரன் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தேன். முன் சக்கரம் சென்டர் மீடியனுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி அழுதாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, ராத்திரி உங்க குறட்டை திடீர்னு நின்னுடுது. மூச்சே வரமாட்டேங்குது. நான் எண்ணிக்கிட்டே இருப்பேன். சில நேரம் முப்பது கூட ஆயிடும். உலுக்கலாம்னு கையை நீட்டுவேன், அதுக்குள்ள திணறி மூச்சு விடுவீங்க."

"எத்தனை நாளாம்மா?"

"நாலஞ்சு வருஷமா."

சென்னையில் ஒரு மருத்துவமனையில் ஓர் இரவு தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டிப் படுக்க வைத்தார்கள். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அது ஒரு கணக்கு. மூச்சு ஓரளவுக்கு மேல் குறைந்தாலும் சில விதிகளின்படி அதையும் சேர்த்துக்கொள்வார்கள். மணிக்கு 5-க்குள் இருந்தால் பயமில்லை. 30-ஐத் தாண்டினால் கடுமை. எனக்கு 41. மூளை ஒவ்வொரு முறையும் அரைகுறையாக எழுப்பிவிடும். காலையில் ஒன்றும் நினைவிருக்காது.

இதற்கு சிபாப் என்ற கருவி. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைக்கும். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் இதை வெளியிட்டார்.

இதயநோயும் பக்கவாதமும் குறையுமா என்று கேட்டேன். 'சேவ்' என்ற பெரிய ஆய்வு 2016-இல் வெளிவந்தது. இந்தியா உட்படப் பல நாடுகளில், ஏற்கெனவே இதயநோயோ பக்கவாதமோ வந்த 2,700-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். கருவி போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை. ஆனால் பகல் தூக்கம் குறைந்தது, மனச்சோர்வும் குறைந்தது. அவர்கள் கருவியைப் போட்டது சராசரியாக இரவுக்கு மூன்றரை மணி நேரம்கூட இல்லை. அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. முதல் மாதம் நானும் நள்ளிரவில் கழற்றி எறிந்தவன்தான்.

என்னைத் திருத்தியது ஆய்வு அல்ல. ஒரு நாள் விடியற்காலை கண் விழித்தேன். முகமூடி முகத்திலேயே இருந்தது. பக்கத்தில் அவள் வாய் லேசாகத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அப்படித் தூங்கி நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அன்று காபியை நானே போட்டேன்.

உங்கள் வீட்டில் யாராவது குறட்டை விட்டால் கேலி செய்யாதீர்கள். குறட்டை நடுவில் நிற்கிறதா என்று கவனியுங்கள். நின்றால், மருத்துவரிடம் போகும்போது அதைக் கேட்டவரையும் கூட அழைத்துப் போங்கள். தூங்குகிறவனுக்கு ஒன்றும் தெரியாது.