சோப்பின் குணம் எண்ணெயில் இருக்கிறது

காங்கயம் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் கொப்பரைக் களங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே ஒரு கிராமத்தில், தகரக் கொட்டகையில் சோப்பு தயாரிக்கும் மகளிர் குழுவைப் பார்க்கப் போயிருந்தேன். குப்பைமேனி, ஆவாரம்பூ, வேம்பு என்று வீட்டுத் தயாரிப்பு சோப்புகள் இப்போது எங்கும் விற்கின்றன. அவற்றில் நல்லதை எப்படி அறிவது என்பதே என் கேள்வி.

குழுவின் மூத்த அக்கா மூலிகை டப்பாக்களைக் காட்டவில்லை. எண்ணெய் டின்னைத் திறந்து நீட்டினார். "மோந்து பாருங்க சார். சிக்கு வாடை வந்துச்சுன்னா அந்த எண்ணெயை நாங்க தொட மாட்டோமுங்க." கெட்டுப்போன எண்ணெயில் செய்த சோப்பில் நாளாக ஆகப் பழுப்புப் புள்ளிகள் விழும். பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கொப்பரைக்குக் கந்தகப் புகை போடும் வழக்கம் இந்தப் பக்கம் உண்டு. அந்தக் கொப்பரையை இவர்கள் வாங்குவதில்லை. வெயிலில் காய்ந்ததைத் தாங்களே செக்கில் ஆட்டி எடுத்துக்கொள்கிறார்கள்.

எண்ணெய்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். சோப்பு கெட்டிப்படுவதும், பொங்க நுரைப்பதும், அழுக்கு போவதும் அதனால்தான். அதுவே அளவு மீறினால் தோல் வறண்டுவிடும். அந்த வறட்சியை நல்லெண்ணெய் தணிக்கிறது. விளக்கெண்ணெய் நுரையைக் கலையாமல் நிறுத்துகிறது. பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் சோப்பு பிசுபிசுக்கும். வேப்பெண்ணெய் கொஞ்சம் போதும். கூடினால் வாடையே ஆளை விரட்டிவிடும்.

அன்றைய கலவையில் தேங்காய் எண்ணெய் 500 கிராம், நல்லெண்ணெய் 300, விளக்கெண்ணெய் 100, வேப்பெண்ணெய் 100. இதற்குக் காஸ்டிக் சோடா 150 கிராம். ஒவ்வோர் எண்ணெயும் சோப்பாக மாறத் தேவையான சோடா வேறு வேறு. தேங்காய் எண்ணெய் 100 கிராமுக்கு ஏறத்தாழ 18 கிராம் வேண்டும். விளக்கெண்ணெய்க்கு 13 கிராமே போதும். கூட்டி வரும் தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கைக் குறைத்துக்கொள்கிறார்கள். அப்போதுதான் சிறிது எண்ணெய் மிஞ்சி நின்று தோலைக் காக்கும். இங்கே ஆழாக்குக்கும் கரண்டிக்கும் இடமில்லை; எல்லாம் டிஜிட்டல் தராசில்தான்.

ஒரு தங்கை கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு வெளித் திண்ணைக்குப் போனார். எவர்சில்வர் பாத்திரத்துத் தண்ணீரில் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவினார். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரமும் ஆகாது. சோடா அதை அரித்துவிடும். தண்ணீரும் போர்த் தண்ணீர் இல்லை. உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்துபோகும் என்பதால் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை வாங்குகிறார்கள்.

சூடு ஆறிய சோடாத் தண்ணீரை எண்ணெயில் விட்டுக் கலக்கக் கலக்க, கரண்டியிலிருந்து ஒழுகும் கோடு மேலே கரையாமல் நின்றது. அப்போது மஞ்சள் தூளைச் சேர்த்தார்கள். கண்ணெதிரே கலவை செங்கல் நிறமானது. ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளும் சுண்ணாம்பும் கூடிச் சிவக்கிறதே, அதே வினைதான். "மஞ்ச சோப்பு பளிச்சுனு மஞ்சளாவே இருந்தா, அது சாயமான்னு கேளுங்க" என்றார் அக்கா. பச்சிலைச் சாற்றையும் இவர்கள் ஊற்றுவதில்லை. இலையை நிழலில் உலர்த்தி, எண்ணெயில் ஊறவைத்து வடிகட்டுகிறார்கள்.

துண்டு போட்ட சோப்பு நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட அலமாரியில் இருக்க வேண்டும். ஈரம் வற்றினால்தான் சோப்பு சீக்கிரம் கரையாது. முதலைப் போட்டுவிட்டு ஒரு மாதத்துக்கு மேல் காத்திருப்பது சிறு குழுவுக்குப் பெரிய பாரம். ஆயத்தக் கட்டியை உருக்கி, வாசனை சேர்த்து, அன்றே விற்பவர்களோடு விலையில் போட்டியிடவும் வேண்டியிருக்கிறது. அந்தப் பொறுமைக்கும் கணக்குக்கும் சேர்த்துத்தான் நாம் விலை கொடுக்க வேண்டும்.

காஸ்டிக் சோடா இல்லாமல் செய்த சோப்பு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அளவாகச் சேர்த்தால் அது முழுதும் சோப்பாக மாறிவிடும். தோல் நோயைத் தீர்க்கும் என்றாலும் நம்பாதீர்கள். அதற்கு மருத்துவர் இருக்கிறார். சோப்பு வாங்கும்போது மூலிகையின் பெயரைக் கேட்பதற்கு முன், என்னென்ன எண்ணெய், எத்தனை வாரம் உலர்ந்தது என்று கேளுங்கள். உண்மையாகத் தயாரிப்பவர்கள் தயங்காமல் பதில் சொல்வார்கள்.