சத்தப் பயம், தெரியாத பயம்

மிக்ஸி ஓடும்போது எனக்கு வரும் படபடப்பும், பள்ளி வேன் தாமதமாகும்போது வரும் படபடப்பும் உடம்பில் ஒன்றுபோலவே இருக்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வேர்க்கும், வாயில் பேச்சு வராது. ஆனால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஆட்டிசம் உள்ள தாயாக நான் பழகிய கலை முழுவதும் இவற்றைப் பிரித்தறிவதில்தான் இருக்கிறது.

முதலாவது புலன்களிலிருந்து வருவது. மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் ஆட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையிலேயே வாக்குவம் கிளீனருக்கும் முட்டை அடிக்கும் கருவிக்கும் மிரண்ட குழந்தைகள் வருகிறார்கள். ஆனாலும் அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம், புலன்கூர்மையை ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்தது 2013-இல்தான். “கொஞ்சம் பழகிக்கோ” என்று உறவினர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கு அது பழகுவதில்லை. மறுநாள் முழுக்கப் படுக்கைதான். அதனால் கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளத்துக்கு முன்பே வெளித் திண்ணைக்கு வந்துவிடுவேன். விலகுவதுதான் இதற்கு மருந்து.

இரண்டாவது, என்ன நடக்குமோ என்று தெரியாததால் வருவது. இதில் விலகினால் பயம் வளரும். வேன் டிரைவருக்கு உடனே போன் செய்தால் அந்த நிமிடம் மனசு ஆறும். நாளைக்கு இன்னும் சீக்கிரமே கை போனைத் தேடும். ஆகவே பத்து நிமிடம் பொறுப்பது, பிறகு ஒரே ஒரு போன், அதற்குப் பிறகு யாரைக் கேட்பது என்று எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். பதறும் நேரத்தில் யோசிக்க முடியாது, படிக்க முடியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உடம்பின் உள்குரல் எங்களில் பலருக்குத் தெளிவாகக் கேட்பதில்லை. பசியே பயமாக வேஷம் போட்டு வரும். எதற்குப் பயப்படுகிறேன் என்று துருவுவதற்கு முன், சாப்பிட்டேனா, தூங்கினேனா என்று பார்த்துவிடுவேன்.

மகளிடம் மறைப்பதில்லை. மறைத்தால், அம்மாவின் முகம் இறுகியது தன்னால்தான் என்று குழந்தை முடிவுகட்டிவிடும். “அம்மாவுக்குச் சத்தம் தாங்கலடா. உன் மேல கோபம் இல்ல. பத்து நிமிஷம் ரூம்ல இருந்துட்டு வர்றேன்” என்பேன். சொன்ன நேரத்துக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும். அவளுடைய நம்பிக்கை முழுக்க அந்த நேரத்தில்தான் நிற்கிறது.

ஆண்டு விழா நெருங்கியபோது மகளுக்கு வயிற்றைப் பிசைந்தது. “இது தெரியாத பயம்மா” என்றாள். முந்தின நாளே டீச்சரைக் கேட்டு மேடையைப் பார்த்துவிட்டு வந்தோம். எங்கே நிற்பது, எந்தப் படியில் இறங்குவது எல்லாம் அவளே கேட்டுக்கொண்டாள். ஸ்பீக்கர் எந்தப் பக்கம் என்று கேட்டதும் அவள்தான். அது எனக்காக, நான் எங்கே உட்காரலாம் என்று பார்க்க.