கடல் தள்ளிப்போன ஊர்

மெர்லிமாவிலிருந்து மலாக்கா பட்டணத்துக்குப் பழைய சாலையைப் பிடித்தால் செர்க்காம், உம்பாய், தெலுக் மாஸ் என்று ஊர்கள் வரிசையாக வரும். கடல் இடப்பக்கமாகவே கூட வரும்; கண்ணில் படுவது கொஞ்சம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்த்துவிட்டு அந்த வழியாகத்தான் திரும்பினோம். காரில் நான்கு பேர். யாரும் பேசவில்லை. மூன்று வாரமாக வீட்டில் இதே நிலைமைதான்.

காரணம் நான். வயது 47. தொழிற்சாலையில் 22 ஆண்டு ஷிப்ட் வேலை. வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதாவது செய்யலாம், 50 வயதில் சேமநிதியிலிருந்து கொஞ்சம் பணம் எடுக்கலாம் என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். “பையனுக்கு இந்த வருஷம் எஸ்பிஎம். அதுவரைக்குமாவது சும்மா இருங்க” என்றார் மனைவி. அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்குத்தான் உள்ளுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இந்த வேலை பிடித்திருக்கிறதா என்று அவரிடம் யாருமே கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

“பசிக்குதுப்பா” என்றாள் மகள். உஜோங் பாசிரில் காரைத் திருப்பினேன்.

அங்கேதான் போர்த்துகீசியக் குடியிருப்பு இருக்கிறது. 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். 1641இல் டச்சுக்காரர் அவர்களைத் தோற்கடித்தார்கள். ஆட்சி போனாலும் அவர்களின் வழிவந்த கலப்பின மக்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். பெரும்பாலும் மீனவர்கள், கத்தோலிக்கர்கள். அவர்கள் பேசும் கிறிஸ்தாங் மொழி இன்று அருகிவரும் மொழிகளில் ஒன்று. சிதறி வாழ்ந்த அவர்களுக்காக இரண்டு பாதிரியார்களின் முயற்சியில் 1930களில் உருவானது இந்த 28 ஏக்கர் குடியிருப்பு. தெருக்களுக்கு இன்றும் அல்புகர்க்கி, செக்கேரா என்றுதான் பெயர்.

சாப்பாட்டுக் கடைகளைத் தாண்டிக் கடலோரம் நடந்தோம். பெரியவர் ஒருவர் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சின்சாலோக் போத்தல்களை அடுக்கி வைத்திருந்தார்.

“மீன் கிடைக்குதா அங்கள்?” என்று மலாயில் கேட்டேன்.

சிரித்தார். “கடலே தள்ளிப் போயிடுச்சு. மீன் எங்கே?”

இந்தக் கரையின் பழைய தொழில் கெராகாவ் பிடிப்பது. கெராகாவ் என்பது பொடி இறால். இரண்டு நீண்ட மூங்கில் கழிகளுக்கு நடுவே வலையைக் கட்டி, இடுப்பளவு தண்ணீரில் நடந்தபடியே தள்ளிக்கொண்டு போவார்கள். நம் சமையலறைப் பெலாச்சானும் சின்சாலோக்கும் இந்தப் பொடி இறாலிலிருந்துதான். அதற்கு ஆழமில்லாத கடல் வேண்டும். பல ஆண்டுகளாகக் கரையை மண்கொட்டித் தூர்த்து நிலமாக்கி வருகிறார்கள். 2014இல் தொடங்கிய மலாக்கா கேட்வே திட்டமும் இந்தப் பக்கத்துக் கடலில்தான். தூர்க்கத் தூர்க்கச் சேறு பெருகியது, இறால் குறைந்தது என்பது மீனவர்களின் நெடுநாள் குறை.

“பிள்ளைங்க சிங்கப்பூர்ல இருக்காங்க. போதும், வீட்ல இருங்கன்னு சொல்றாங்க. இருக்க முடியல” என்றார் பெரியவர். என் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“உங்களுக்குக் கோபம் வராதா ஆன்ட்டி?” என்று அந்த அம்மாவிடம் கேட்டார்.

“அவர் போறது மீனுக்காக இல்லன்னு எனக்குத் தெரியும். போகட்டும். சொல்லிட்டுப் போனா போதும். சொல்லாமப் போன நாள்லதான் சண்டை. திரும்பி வர்ற வரைக்கும் வாசல்ல நிக்கிறது நான்தானே?”

எனக்குச் சுருக்கென்றது. கைப்பையில் ராஜினாமா கடிதம் இருந்தது. டைப் செய்து மூன்று வாரமாகிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

சுட்ட மீன் வந்தது. பிள்ளைகள் இருவரும் நண்டுக்குச் சண்டை போட்டார்கள். நாங்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

மனைவி உடனே ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “தேதி போட்டிருக்கீங்களா?” என்று கேட்டார்.

“இல்லை.”

“அப்ப சரி. தேதியை ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்.”

மலாக்கா என்றால் செந்நிறக் கட்டடமும் அ ஃபமோசாவும் மட்டுமல்ல. ஒரு நாள் மாலையில் உஜோங் பாசிருக்கும் போய் வாருங்கள். ஜூன் 29 புனித பேதுரு திருவிழா என்றால் இன்னும் நல்லது. படகுகளை அலங்கரித்து நிறுத்தியிருப்பார்கள். பாதிரியார் ஒவ்வொன்றையும் ஆசீர்வதிப்பார். கடல் தள்ளிப் போனாலும் இந்தத் திருவிழாவை அவர்கள் விடவில்லை.

கிளம்பும்போது இரண்டு போத்தல் சின்சாலோக் வாங்கினோம். கடிதம் இன்னும் பையில்தான் இருக்கிறது. ஆனால் வீடு வரும்வரை காரில் பேச்சு ஓயவில்லை.